ஐயோயோ ஆண்ட்டியின் குரல்

என் அக்காவைவிட நான் நிறம். இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் என் பொறாமை தொடங்கியதும் அங்கேதான். கேட்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். கறுப்பாகப் பிறந்த அக்காதான் சிவப்பான தங்கையைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்பது நம்மவர்கள் எழுதாமல் வைத்திருக்கும் சட்டம். எங்கள் வீட்டில் எரிந்தது என் வயிறு. காரணம், பக்கத்து வீட்டு டிவியில் சாயங்காலங்களில் ஓடிய கார்ட்டூன்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது லூனாஸை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பள்ளி விட்டு வந்ததும் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தரையில் லயத்து வீட்டு வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். ஒரு மிருகம் இன்னொரு மிருகத்தைத் துரத்தும். சட்டியால் ஓர் அடி, கதவிடுக்கில் வால், மாடியிலிருந்து தலைமேல் விழும் பியானோ. யாரும் வாய் திறந்து பேசுவது அபூர்வம். அதனால் மலாயும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஒருத்தன் விழுந்தால் சிரிக்கத் தெரிந்தால் போதும். அது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் படங்களில் சீனாக்காரர் வந்தால் கண் இரண்டு கோடாக இருக்கும், பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்தியாக்காரர் வந்தால் பெரிய தலைப்பாகையோடு சம்மணம் போட்டு மகுடி ஊதுவார், கூடையிலிருந்து பாம்பு எழுந்து ஆடும். எங்களுக்கு அந்த ஆளைப் பார்த்தால் ஒட்டவே இல்லை. எங்கள் தோட்டத்தில் பாம்புக்குக் குறைச்சல் கிடையாது. வந்தால் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு நாலு பேர் ஓடுவார்களே தவிர, யாரும் உட்கார்ந்து ஊதியதில்லை.

நாங்கள் எங்களுடையவன் என்று எடுத்துக்கொண்டது வேறு ஒருவனை. துரத்தும் மிருகத்தின் கையில் குண்டு வெடிக்கும். திரை முழுக்கப் புகை. புகை விலகியதும் முகம் கரேலென்று ஆகியிருக்கும். வெள்ளை வெளேரென்று இரண்டு கண், தடித்த உதடு, உச்சியில் ரிப்பன் கட்டிய குட்டிக் குட்டிச் சடைகள். அந்த முகம் வந்த உடனே தரையில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்துவோம்.

"நம்ம ஆளு டோய்! நம்ம ஆளு வந்துட்டான்!"

அது கடலுக்கு அந்தப் பக்கம் இன்னோர் இனத்தாரைக் கேலி செய்ய வரைந்த முகம் என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். யாருக்கோ விழுந்த அடியை எங்களுக்கு வந்த மரியாதை என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறோம். அப்போது அதெல்லாம் தெரியாது. டிவியில் மற்ற நேரங்களில் வந்த எந்த முகமும் எங்கள் அப்பா முகம்போல இல்லை. அந்த ஒரு முகம் இருந்தது, அதுவும் ஒரு விநாடிதான். அடுத்த காட்சியில் மிருகம் பழைய நிறத்துக்கு வந்துவிடும். எங்களுக்குச் சப்பென்று போய்விடும்.

படம் முடிந்ததும் லயத்து வாசலில் அதையே ஆடுவோம். அங்கே என் அக்காதான் ராணி. எங்கள் இருவரில் அவள்தான் அப்பாவின் நிறம். 'நம்ம ஆளு' அவள்தான் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது. எல்லாரும் அவளைத்தான் துரத்துவார்கள். யாராவது 'டமார்' என்று கத்தியதும் அவள் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தொப்பென்று விழுவாள். விழுந்தவள் அசையவே மாட்டாள். நாங்கள் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். நேரம் ஆக ஆக எங்களுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். கடைசியில் மெதுவாக எழுந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் எங்களைப் பார்ப்பாள். அவ்வளவுதான், லயமே அதிரும்.

எனக்குக் கிடைத்த வேடம் கதவு. கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் என்னைத் திறந்துகொண்டு ஓடுவார்கள். சில நாள் சுவர். பெரியவர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "சின்னவ நல்லா செவப்பு லா" என்பார்கள். அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு நாள் பொறுக்க முடியாமல் விறகடுப்புச் சட்டியின் அடியிலிருந்து கரியை வழித்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டு போய் நின்றேன். எல்லாரும் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள்: "நீ பூசிக்கிட்டு வந்திருக்க. அவதான் அசல்."

அன்றைக்கு அம்மாவிடம் வாங்கிய அடியைவிட அந்தச் சொல்தான் வலித்தது. "உள்ள நெறத்தையும் கெடுத்துக்கிறியாடி!" என்று அம்மா தேங்காய் நாரால் என் முகத்தைத் தேய்த்தபோது, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவை நான் முறைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இதெல்லாம் எப்போதோ நடந்தது. இப்போது நான் லூனாஸில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது புலி, குரங்கு, ஓட்டை விழுந்த வாளி, கோபம் வந்த மழை என்று எதற்கும் குரல் கொடுப்பேன். இது பெருமைக்குச் சொல்வதில்லை. சரி, பெருமைக்குத்தான். அக்கா அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பேச்சு குறைவு. நாள் முழுக்க முகப்பில் வருகிறவர்களிடம் பேசுவதால் வீட்டில் பேசத் தோன்றுவதில்லை என்பாள்.

கார்ட்டூன் மோகம் எனக்கு மட்டும் விடவில்லை. ஆசிரியைகளின் வாட்சாப் குழுவில் ஒரு நாள் ஓர் அறிவிப்பு வந்தது. அலோர் ஸ்டாரில் புதிதாகத் தொடங்கியிருக்கும் சிறிய அனிமேஷன் குழு ஒன்று, பழைய கார்ட்டூன் பாணியில், அடி உதை ஓட்டத்தோடு ஒரு தொடர் செய்கிறது. ஒரு மலாய்ப் பையன், ஒரு சீனப் பெண், அவர்களைத் துரத்தும் பக்கத்து வீட்டு இந்திய ஆண்ட்டி. ஆண்ட்டிக்குக் குரல் தேவை. படித்து முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். பொட்டு வைத்த ஒருத்தி கார்ட்டூனுக்குள் ஓடப் போகிறாள். குண்டு வெடித்த பின் ஒரு விநாடி வந்துபோகும் முகமில்லை, பாம்புக் கூடையும் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிற ஆள். அந்தக் குரல் எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அலோர் ஸ்டாருக்குப் போய் அக்கா வீட்டில் இறங்கினேன். "அந்த எடத்துல காடி நிறுத்த முடியாது லா. நானே கொண்டு விடுறேன்," என்று கார்ச் சாவியை எடுத்தாள். கொண்டு விட்டவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். மேலே ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

கடைவீட்டு மாடி. இயக்குநர் முப்பது வயதுகூட நிரம்பாத மலாய்க்காரத் தம்பி, மரியாதையானவர். ஒலிப்பதிவுப் பெட்டி முன்னால் ஒரு சீனப் பெண். நான் மைக் முன் நின்று கோபம், அழுகை, மூச்சிரைப்பு, எண்ணெயில் கை சுட்ட அலறல் எல்லாம் செய்து காட்டினேன். இருவரும் "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டித் தலையாட்டினார்கள். தொண்டை வறண்டு, "அக்கா, தண்ணி," என்றேன். அக்கா போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். தரையில் கிடந்த ஒயர் அவள் காலில் சிக்கியது.

"ஐயையோ."

அவ்வளவுதான். விழக்கூட இல்லை, மேசையைப் பிடித்துக்கொண்டாள். சத்தமாகவும் சொல்லவில்லை. விழப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருத்தி, சரி இதுவும் நடக்கட்டும் என்று சொல்வதுபோல ஒரு 'ஐயையோ'. மைக் ஓடிக்கொண்டிருந்தது. சீனப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இயக்குநர் அதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு தரம் கேட்டார். என்னுடைய எதையும் அவர் திரும்பப் போடச் சொல்லவில்லை. இதை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வாரம் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. 'கமி பிலிஹ் அக்கா.'

நாங்கள் அக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். மலாயில் எதிரில் இருப்பவரை 'நீங்கள்' என்று சொல்லாமல் உறவு சொல்லித்தான் பேசுவார்கள். தமிழ்ப் பெண்களைப் பார்த்தால் அவர்களும் 'அக்கா' என்பார்கள். ஆக, அக்கா என்றால் நான்தான். பள்ளியில் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் கைதட்டச் சொன்னேன். மற்ற ஆசிரியைகளுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, "கெடச்சிருச்சு லா!" என்று கத்தினேன். அவளும் சந்தோஷமாகத்தான், "அப்படியா, நல்லது," என்றாள். நன்றி சொல்லி நான் அனுப்பிய நீளமான செய்திக்கு இயக்குநரிடமிருந்து பதில் வந்தது. தவறாக நினைக்க வேண்டாம், காக். நான் சொன்னது காக்கின் அக்காவை. தடுக்கி விழப் பார்த்தாரே, அவரை.

காக். அன்று முழுக்க அவர் என்னைக் 'காக்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். மலாயில் அதற்கும் அக்கா என்றுதான் அர்த்தம். நான் அவளை 'அக்கா அக்கா' என்று கூப்பிட்டதைக் கேட்டு, அவளை மட்டும் 'அக்கா' என்றிருக்கிறார். என் வாயாலேயே அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயருக்கே வேலையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான் அது.

அக்கா வேண்டாம் என்றாள். "நீ ஆசப்பட்டது. நான் எதுக்கு?" என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சல். பிச்சை போடுகிறாளா? "உன்னத்தான் கேக்குறாங்க. போ," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. போனாள். நானும் கூடவே போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். அவள் சொதப்புவதைப் பார்க்கத்தான் போனேன்.

அவள் சொதப்பவில்லை. மூச்சு வாங்கச் சொன்னால் வாங்கினாள், திட்டச் சொன்னால் திட்டினாள். எல்லாவற்றையும் வெகு குறைவாகச் செய்தாள். திரையில் அகப்பையோடு ஓடிய குண்டு ஆண்ட்டிக்கு அந்தக் குரல் வந்து பொருந்தியபோது உயிரே வந்துவிட்டது. நான் செய்திருந்தால் அந்த ஆண்ட்டி கத்தியிருப்பாள். இவள் செய்தபோது அந்த ஆண்ட்டி நம் தெருவில் இருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது, பிடித்திருந்ததே பொறுக்கவில்லை.

பிறகு கடைசிக் காட்சியைப் போட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆண்ட்டியின் முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில் பட்டாசை ஒளித்து வைக்கிறார்கள். டமார். புகை. புகை விலகியதும் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் தலை முதல் கால் வரை கரி. ஆண்ட்டி மட்டும் முன்பு எப்படிக் கறுப்பாக இருந்தாளோ அப்படியே இருக்கிறாள். பிள்ளைகள் அவளைச் சுட்டிக் காட்டி, 'ஏய், ஆண்ட்டிக்கு ஒண்ணுமே ஆகலையே!' என்கிறார்கள். ஆண்ட்டி கண்ணாடியைப் பார்த்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, 'ஐயோயோ' என்று சொல்ல வேண்டும்.

சொல்ல மறைப்பானேன், எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பழைய கார்ட்டூன் அடிக்கும் அதே தாளத்தில் வந்து அடித்தது. பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றியிருந்தாள்.

"ஆண்ட்டி மட்டும் ஏன் மாறல, தம்பி?" என்று மலாயில் கேட்டாள்.

இயக்குநர் முகம் சிவந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்றார். சின்ன வயதில் தானும் அந்தப் பழைய படங்களைப் பார்த்துத்தான் வளர்ந்ததாகச் சொன்னார். அந்தப் பாணிதான் இது, மூன்று பேருக்கும்தானே வெடிக்கிறது என்றார்.

"வெடிக்கிறது மூணு பேருக்கு. சிரிக்கிறது ஒருத்திய வச்சு," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. ஒயரைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "தாக் மாவு, தம்பி," என்றாள். வேண்டாம், தம்பி. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

காடியில் ஏறியதும் நான் பொரிந்தேன். "பைத்தியமா உனக்கு? ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே? படத்துல நம்ம ஆளுங்க வர்றதே பெரிசு. எத்தன பேரு இதுக்கு ஏங்குறாங்க தெரியுமா?" எத்தனை பேர் என்றேன். ஒருத்திதான்.

அவள் சிக்னலில் நின்றபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத நான் நெறைய பண்ணியாச்சு," என்றாள்.

"எங்க பண்ண?"

"லயத்துல. தெனமும்."

"அது வெளையாட்டு லா. நீதான் அதுல பெரிய ஆளு. நீ விழுந்து கெடப்பியே, அதுமாதிரி யாருக்கும் வராது. எனக்கு எவ்ளோ பொறாம தெரியுமா?"

"எந்திரிச்சா சிரிப்பாங்க," என்றாள் அக்கா. "அதான் எந்திரிக்காம படுத்திருந்தேன். எல்லாரும் போயிருவாங்களான்னு பாத்துக்கிட்டு கெடப்பேன். போக மாட்டீங்க."

பச்சை விழுந்தது, காடி நகர்ந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளை நினைத்து மனம் கசிந்தது உண்மை. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு குரல், அப்படியென்றால் அவள் நடிக்கவே இல்லை, நடிக்காமலே என்னைவிட நன்றாகச் செய்தாள் என்று முணுமுணுத்தது. என் மனம் அப்படிப்பட்டது. அதை வைத்துக்கொண்டுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

சில நாட்களில் இயக்குநர் கூப்பிட்டார். இந்த முறை குழப்பம் வரக்கூடாதென்று, "அக்கா இல்லை, காக்தான்," என்று அழுத்திச் சொன்னார். முதல் தொகுப்பைப் பணம் போட்டவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள், வரைந்த படத்தை இனி மாற்ற முடியாது, அடுத்த தொகுப்பில் கவனமாக இருப்போம் என்றார். காக்கால் முடியுமா?

முடியும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பிறகு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "போ. ஒனக்குப் புடிச்சது," என்றாள்.

"போயி மொதல்ல அந்த ஜோக்க எடுக்கச் சொல்லுவேன். எடுத்தாதான் பேசுவேன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். தனியாகக் காடி ஓட்டிக்கொண்டு போனபோது, ஜெராய் மலை தாண்டும்வரை சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'தாக் மாவு, தம்பி.' கோபமாகச் சொன்னேன், சாந்தமாகச் சொன்னேன், பள்ளிக்கூடத் தலைமையாசிரியைபோலச் சொன்னேன். எல்லாமே நன்றாக வந்தது. நான் குரல் கொடுக்கிறவள் அல்லவா.

மைக் முன்னால் நின்றேன். ஹெட்போன் மாட்டினேன். அகப்பையும் பொட்டுமாக ஓடிய ஆண்ட்டிக்கு என் மூச்சைக் கொடுத்தேன், என் திட்டுகளைக் கொடுத்தேன். கடைசிக் காட்சி வந்தது. டமார். புகை விலகியது. ஆண்ட்டி கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்தத் திறந்த வாயில் சத்தம் இல்லை, என் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதுதான் இடம் என்று தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"ஐயோயோ," என்றேன்.

இயக்குநர் சிரித்தார். சீனப் பெண் கட்டைவிரலை உயர்த்தினாள். தலையாட்டுவது குரலிலும் தெரிய வேண்டும், இன்னும் கொஞ்சம் இழுக்க முடியுமா என்று கேட்டார். முடிந்தது. இழுத்தேன். இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். யாரும் என்னைத் திறந்துகொண்டு ஓடவில்லை, எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

கீழே வந்து காடியில் உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. அக்கா.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னா சொன்ன?"

எந்தக் குரல் கேட்டாலும் எனக்கு வரும். அவள் சொன்னதுபோல ஒரே ஒரு முறை, சாதாரணமாக, வேண்டாம் என்று சொல்ல மட்டும் வரவில்லை. என் பிறவியில் அவள்மேல் நான் பட்ட பொறாமை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்கு அந்தக் காடிக்குள் பட்டதற்கு ஈடாகாது.

"ஐயோயோன்னு சொன்னேன்," என்றேன்.